பீட்டர் டோஹர்டியும் டி செல்லின் இரட்டைப் பார்வையும்

பீட்டர் சார்ல்ஸ் டோஹர்டி (பிறப்பு: 15 அக்டோபர் 1940, பிரிஸ்பேன்) ஆஸ்திரேலிய நோயெதிர்ப்பியல் ஆய்வாளர். வைரஸ் புகுந்த செல்லை, உடலின் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் எப்படி அடையாளம் காண்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக, ஸ்விட்சர்லாந்தின் ரோல்ஃப் ஸிங்கர்நாகலுடன் சேர்ந்து 1996இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் கால்நடை மருத்துவர் அவர்தான். இதைப் பலரும் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அவர் ஆய்வின் போக்கைப் பின்தொடர்ந்தால், ஆட்டு மூளையை ஆராய்ந்து பழகிய கை இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்குமா என்ற சந்தேகம் எழும்.

பதினேழு வயதில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர், 1962இல் பட்டமும் 1966இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாநில அரசின் கால்நடைத் துறையில் வேலை. மாடுகளுக்கு வரும் லெப்டோஸ்பைரா தொற்று, நம்மூரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதை உண்டாக்கும் கிருமிதான் அவருடைய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று. நுண்ணுயிரியல் படித்த பெனலோபி ஸ்டீவன்ஸை 1965இல் மணந்தார். பிறகு இருவரும் எடின்பரோவுக்குக் கப்பலேறினர்.

அங்கே மோர்டன் ஆய்வு நிலையத்தில் அவருக்கு வாய்த்தது ‘லூப்பிங் இல்’ என்ற ஆட்டு நோய். உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் அது. செம்மறியின் மூளையைத் தாக்கும். ‘லூப்’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் துள்ளல். நோய் கண்ட ஆடு தள்ளாடித் துள்ளி நடப்பதைப் பார்த்து மேய்ப்பர்கள் வைத்த பெயர். நரம்பு மண்டலத்தில் வைரஸ் புகுந்தால் திசுக்களில் என்ன நடக்கிறது என்பதை டோஹர்டி இந்த ஆடுகளிடம்தான் கற்றார். 1970இல் முனைவர் பட்டம் கிடைத்தது. நோய்க்குக் காரணமான கிருமியைவிட, அதை எதிர்த்து உடல் என்ன செய்கிறது என்ற கேள்வியே அவரை இழுக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கேள்விக்கு அன்று உகந்த இடம் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்ட்டின் மருத்துவ ஆய்வுப் பள்ளி.

கான்பெராவில் அவர் கையில் எடுத்தது எல்.சி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும், சுண்டெலிகளின் மூளையுறையை அழற்சிக்கு உள்ளாக்கும் வைரஸ். விசித்திரமான கிருமி. செல்லுக்குள் புகுந்து பெருகும். ஆனால் தானாக அந்தச் செல்லைக் கொல்வதில்லை. வளர்ந்த எலியின் மூளையில் செலுத்தினால் எலி ஒரு வாரத்துக்குச் சற்று மேல் உயிரோடு இருக்கும், பிறகு செத்துவிடும். கொன்றது வைரஸ் அன்று, வைரஸைத் துரத்தி வந்த எலியின் சொந்த டி செல்கள். காவலுக்கு வந்தவர்கள் வீட்டையே இடித்துவிட்டுப் போன கதை.

1973இல் ஸிங்கர்நாகல் வந்து சேர்ந்தார். பாசலில் மருத்துவம் படித்தவர், டோஹர்டியைவிட மூன்று வயது இளையவர். ஒரே ஆய்வறையில் இருவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. டோஹர்டிக்கு எலியின் தலைக்குப் பின்புறம் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரைத் துளித்துளியாக எடுக்கத் தெரியும். ஸிங்கர்நாகலுக்கு டி செல்லின் கொல்லும் திறனை அளக்கத் தெரியும்: வைரஸ் புகுத்திய செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, அவற்றோடு டி செல்களைக் கலந்து வைப்பார்கள். செல் செத்து உடைந்தால் குரோமியம் வெளியே கசியும். கசிந்த அளவைக் கணக்கெடுத்தால் எத்தனை செல் மடிந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு கைத்திறனும் ஒரு மேசையில் சேர்ந்தன.

அப்போது ஓர் ஐயம் எழுந்தது. எலிகள் எல்.சி.எம். வைரஸுக்கு எவ்வளவு எளிதில் இரையாகின்றன என்பது, அவற்றின் எச்-2 என்ற மரபணுத் தொகுதியைப் பொறுத்து மாறுகிறது என்று வேறு ஆய்வாளர்கள் கூறியிருந்தார்கள். அப்படியானால் கொல்லும் டி செல்களின் வேகமும் இனத்துக்கு இனம் மாறுமா? பல இன எலிகளுக்கு வைரஸைச் செலுத்தி, அவற்றின் டி செல்களை ஒரே வகை இலக்குச் செல்களின் மேல் ஏவினார்கள். சற்றுக் கூடக் குறைய இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. இலக்குச் செல்லின் எச்-2 வகையும் எலியின் எச்-2 வகையும் ஒத்திருந்தால் செல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. ஒத்திராவிட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. இரு இனங்களைக் கலந்து பிறந்த குட்டிகளின் டி செல்கள் கொன்றன, ஏனெனில் அவற்றிடம் பொருந்தும் பாதி இருந்தது. வைரஸ் எங்கும் அதே வைரஸ்தான். ஆனால் டி செல்லுக்கு வைரஸை மட்டும் காட்டினால் போதவில்லை. ‘இது நம் வீட்டுச் செல்’ என்ற முத்திரையும் கூடவே தெரிய வேண்டியிருந்தது.

இந்த முடிவு 1974இல் ‘நேச்சர்’ இதழில் சிறு கட்டுரைகளாக வந்தது. அதன் எடையைப் புரிந்துகொள்ள அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். எலியில் எச்-2 என்றும் மனிதனில் எச்.எல்.ஏ. என்றும் வழங்கப்படும் இந்த மரபணுக்கள், மாற்று உறுப்பை உடல் ஏற்குமா நிராகரிக்குமா என்பதைத் தீர்மானிப்பவை என்றே அறியப்பட்டிருந்தன. அதனால்தான் அவற்றுக்குத் திசுப்பொருத்த மரபணுக்கள் என்று பெயர். ஆனால் என்றோ ஒருநாள் ஒரு மருத்துவர் வந்து சிறுநீரகம் மாற்றி வைப்பார் என்று இயற்கை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க முடியாதே! அவற்றின் உண்மையான வேலை என்ன என்ற புதிருக்கு இரண்டு இளைஞர்களின் எலிப் பரிசோதனை விடை சொன்னது: செல்லுக்குள் நடப்பதை வெளியில் தெரியக் காட்டுவதே அவற்றின் வேலை. உறுப்பு நிராகரிப்பு அதன் பக்கவிளைவு.

எப்படிக் காட்டுகின்றன என்பது உடனே தெளிவாகவில்லை. வைரஸையும் முத்திரையையும் டி செல் தனித்தனியே பார்க்கிறதா, அல்லது வைரஸால் மாற்றப்பட்ட முத்திரையை ஒரே பார்வையில் பார்க்கிறதா என்று பத்தாண்டுக்கு மேல் விவாதம் நடந்தது. 1980களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் அலைன் டவுன்செண்ட், டி செல்கள் இனங்காண்பது முழு வைரஸ் புரதத்தை அல்ல, அதன் சிறு துண்டுகளை என்று காட்டினார். 1987இல் ஹார்வர்டில் பமேலா பியோர்க்மன், டான் வைலி முதலானோர் எச்.எல்.ஏ. மூலக்கூறின் வடிவத்தை வெளியிட்டபோது, அதன் உச்சியில் ஒரு பள்ளமும் பள்ளத்தில் ஒரு புரதத் துண்டும் இருந்தன. கான்பெரா எலிகள் சொன்னதைப் படமாகப் பார்க்க முடிந்தது.

இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன என்பதற்கும் 1975இலேயே இருவரும் விளக்கம் முன்வைத்தார்கள். தாய்வழி ஒன்றும் தந்தைவழி வேறொன்றுமாக வகைகள் கூடக்கூட, வைரஸின் அதிகத் துண்டுகளைப் பிடித்துக் காட்டலாம் என்பது அவர்கள் வாதம். 1999இல் எச்.ஐ.வி. தொற்றியோரிடம் நடந்த ஓர் ஆய்வு, எச்.எல்.ஏ. வகைகள் கூடுதலாக வேறுபட்டிருப்பவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுவதைக் கண்டது.

1975இல் டோஹர்டி பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிலையத்துக்குப் போனார். 1982இல் கான்பெராவுக்குத் திரும்பினார். 1988இல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் நோயெதிர்ப்பியல் துறைக்குத் தலைவரானார். இந்த நீண்ட நடுப்பகுதி நோபல் உரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அவர் மிகுதியாக உழைத்தது இங்கேதான், இன்ஃபுளுயன்சாவின் மேல். தொற்று தணிந்த பிறகு டி செல்கள் அதை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? குறிப்பிட்ட வைரஸ் துண்டை அறியும் டி செல்களை மட்டும் ஒளிரச் செய்து எண்ணும் நுட்பம் 1996இல் வந்ததும், அவருடைய குழு அதை உடனே பயன்படுத்தியது. அதுவரை மதிப்பிட்டதைவிட டி செல்கள் எவ்வளவு பெரிய எண்ணிக்கையில் திரளுகின்றன என்பது அப்போது தெரியவந்தது.

இதற்கிடையே, டோஹர்டி கான்பெராவில் ஆராய்ந்த அதே எல்.சி.எம். வைரஸ் வேறொரு கையில் வேறு கதை சொன்னது. ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமது, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் அதன் நாட்பட்ட தொற்றை ஆராய்ந்து, விடாது போராடும் டி செல்கள் களைத்துப்போவதையும், பி.டி.-1 என்ற தடையை நீக்கினால் அவை மீண்டும் எழுவதையும் 2006இல் காட்டினார்.

டோஹர்டி உழைத்த இன்ஃபுளுயன்சாவோ ஆண்டுதோறும் தன் மேற்புறப் புரதங்களை மாற்றிக்கொள்ளும். ஆன்டிபாடிகள் அந்த மேற்புறத்தைத்தான் பிடிக்கின்றன. அதனால்தான் தடுப்பூசியையும் திருத்தியபடி இருக்க வேண்டியிருக்கிறது. டி செல்களோ அதிகம் மாறாத உட்புறப் புரதங்களின் துண்டுகளையும் அறியும். அவை தொற்றை வாசலில் தடுப்பதில்லை, புகுந்தபின் விரைவாகத் துடைத்தெடுக்கும். 2013இல் சீனாவில் எச்7என்9 பறவைக் காய்ச்சல் வந்தவர்களை ஆராய்ந்த குழுவில் டோஹர்டியும் மெல்பர்னின் காத்தரின் கெட்ஸியெர்ஸ்காவும் இருந்தனர். சீக்கிரம் வீடு திரும்பியவர்களிடம் கொல்லும் டி செல்கள் முன்னதாகவே எழுந்திருந்தன. இறந்தவர்களிடம் அவை மிகக் குறைவாகவே தென்பட்டன.

1997இல் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ விருது பெற்ற டோஹர்டி, 2002 முதல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றத் தொடங்கினார். பொதுமக்களுக்கான நூல்களும் எழுதினார். நோய் வருவதைப் பறவைகள் எப்படி முன்கூட்டி உணர்த்துகின்றன என்பது பற்றிய ‘சென்டினல் சிக்கன்ஸ்’ 2012இல் வந்தது. பழைய கால்நடை மருத்துவர் அதில் எட்டிப் பார்க்கிறார். அவர் பெயரைத் தாங்கிய ஆய்வு நிறுவனம் 2014இல் மெல்பர்னில் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில், சீனாவுக்கு வெளியே கொரோனா வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து மற்றவர்களுக்கும் பகிர்ந்த முதல் நிறுவனம் அதுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் டோஹர்டி வேறொரு காரணத்துக்காகவும் செய்தியில் அடிபட்டார். மதுக்கடை ஒன்று எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இணையத்தில் தேட நினைத்து, அந்தச் சொற்களைத் தவறுதலாக ட்விட்டரில் பதிவிட்டுவிட்டார். ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நாடு அதைப் பார்த்துச் சிரித்தது. அப்போது அவருக்கு வயது 79.