பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு ஊர்: மட்டக்களப்பின் பாட்டுக் கடைகள்

உங்கட வீட்டு அலுமாரிக்கு மேல, பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள, கசெட் ஏதும் கிடக்குதா? கிடந்தால் உடனே எறிந்துவிட வேண்டாம். இதை வாசித்து முடித்த பிறகு யோசிப்போம்.

மட்டக்களப்பின் வரலாறு என்றதும் நாம் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையில் தொடங்குவோம், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததைச் சொல்வோம், மறுகா பாடும் மீனுக்கு வருவோம். கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பாட்டுக் கடைகளைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வராது. ஆனால் எங்கட அம்மா அப்பாவின் இளமைக்காலத்தை விளங்கிக்கொள்ள, கோட்டையைவிட அந்தக் கடைகள்தான் உதவும் என்பது என்ட எண்ணம்.

முதலில் வானொலி இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைக்குப் போஸ்ட் காட் எழுதிப்போட்டு, விரும்பிய பாட்டும் தன் பெயரும் வருமா என்று சனம் காத்திருந்த காலம் அது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கசெட்டை அறிமுகப்படுத்தியது. எங்கட பக்கத்து வீடுகளுக்கு அது பரவலாக வந்தது 1977க்குப் பிறகு. அந்த வருசம் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதியைத் திறந்துவிட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது ரேடியோ கசெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு முந்திய வருசம்தான், 1976இல், ‘அன்னக்கிளி’ வெளிவந்து இளையராஜா அறிமுகமானார். பெட்டியும் பாட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

அப்படித்தான் ‘ரெக்கோடிங் பார்’ என்று சொல்லப்பட்ட, பாட்டு அடித்துக் கொடுக்கும் கடைகள் வந்தன. கொப்பி ஒற்றையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் குடுக்கவேணும். 60 நிமிசக் கசெட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிசம், 90 என்றால் 45. கடைசியில் இரண்டு மூன்று நிமிசம் மிஞ்சினால் அதற்குள் என்ன பாட்டு அடங்கும் என்று கடைக்காரர்தான் கணக்குப் பார்ப்பார். இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் கசெட் ரெடி. காசு குறைவென்றால் புதுக் கசெட் வாங்காமல் பழையதிலேயே அடிக்கலாம். இது வெறும் வியாபாரம் மட்டுமில்லை. யார் யாருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார், எந்தப் பாட்டை முதலில் போட்டார் என்பதில் நட்பும் காதலும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டபிறகு கூட்டாளிமார் சேர்ந்து நிற்க ஒரு இடமும் கிடைத்தது.

இங்கே கசெட்டின் அமைப்பைப் பற்றி ஒரு சின்ன விசயம். அதன் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதில் திரும்பப் பதிவு செய்ய முடியாது. ஆனால் அந்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் திரும்பவும் பதியலாம். எங்கட சனம் செய்தது இதைத்தான். படப்பாட்டு அலுத்துப்போனதும் ஓட்டையை மூடி, அதே கசெட்டில் கோயில் சடங்கை, கூத்து அரங்கேற்றத்தை, கலியாண வீட்டை, அம்மம்மாவின் தாலாட்டைப் பதிந்தார்கள். மேலே எழுதியிருப்பது ஒரு படத்தின் பெயர், உள்ளே கேட்பது ஒரு ஊரின் குரல்.

போன விடுமுறையில் பள்ளிக்கூடக் கூட்டாளிமார் நான்கு பேர் டவுனில் சந்தித்தோம். ஒருத்தன் கொழும்பில் வேலை, ஒருத்தி யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள், ஒருத்தன் காத்தான்குடி, மற்றது நான். பழைய சீடி, கசெட் மலிவாகப் போடும் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினோம். ஒரு கடையில் மூன்று சீடி நூறு ரூபாய். இன்னொன்று இப்போது போன் திருத்தும் கடை. மூலையில் ஒரு காட்போட் பெட்டி நிறையக் கசெட். “எடுங்க தம்பி, எறியத்தான் வச்சிருக்கன்” என்றார் கடைக்காரர். ஐந்து எடுத்தோம். ஒன்றில் படப்பெயர் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் பாதிப் பாட்டில் சத்தம் மாறி, உடுக்கும் பெண்களின் குரவையும். ஏதோ ஒரு கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. எந்த ஊர், எந்த வருசம், பாடியது யார், ஒன்றும் எழுதியில்லை. நாங்கள் நாலு பேரும் கதையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்படிக் கூடித் திரிவது எல்லாக் காலத்திலும் நடக்கக்கூடியதாக இருக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலை வளாகத்தில், நாங்கள் இன்று படிக்கும் அதே இடத்தில், தஞ்சமடைந்திருந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டான் படுகொலை. அதன்பிறகு ஒருவர் கடைத்தெருவுக்கு மற்றவர் போவது பயத்துக்குரிய விசயமானது. ஆனால் நாகூர் ஹனிபாவின் குரல் தமிழ் வீடுகளிலும், இளையராஜா பாட்டு முஸ்லிம் வீடுகளிலும் ஒலித்ததை இரண்டு பக்கப் பெரியவர்களும் சொல்வார்கள். பாட்டு சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே பாட்டைக் கேட்ட இரண்டு சனம் என்பதற்கு அந்தக் கசெட்டுகள் சாட்சி, அவ்வளவுதான்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கரண்ட் இல்லாத ஊர்களில் தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு பாட்டு கேட்டார்கள். சில பாட்டுகள் உள்ள கசெட்டை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்ததால் எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு.

இதோடு இயற்கையும் சேர்ந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி கல்லடி, நாவலடி, டச்பார் வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியதை வாவிக் காற்றின் ஈரமும் பூஞ்சணமும் தின்கின்றன.

சரி, எங்கட ஒலிகளில் நன்றாகப் பாதுகாக்கப்பட்டவை எவை? பாடும் மீனின் சத்தத்தை 1950களில் இங்கு பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் அடிகளார் பதிவு செய்தார். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் பாட்டுகளைத் தேடி அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் வந்தார். அவர் பதிந்தவை 1998இல் போர்த்துக்கலில் இறுவட்டாக வெளிவந்தன. இருவருக்கும் நன்றி. ஆனால் வெளியில் இருந்து ஒருவர் கருவியோடு வந்தால்தான் எங்கட ஒலி மிஞ்சும் என்று இருக்க வேண்டியதில்லை. எங்கட சனம் தாங்களே பதிந்தவை டின்னுக்குள் கிடக்கின்றன.

ஒலி போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் எங்கட மண்ணிலேயே இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழரின் யாழைப் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். கேட்பதற்கு ஒரு ஒலியும் இல்லாததால் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்து, கணக்குப் போட்டுத்தான் அந்த இசையைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய அறிஞருக்கே அத்தனை ஆண்டு உழைப்பு. கண்ணகி சடங்கின் ஒலியை நாம் இப்போது தொலைத்தால், நாளைக்கு எங்கட பிள்ளைகளுக்கு எந்த விபுலாநந்தர் கணக்குப் போட்டுக் கொடுப்பார்?

ஆகவே செய்யக்கூடியவை சில. டின்னை இறக்குங்கள். மேலே எழுதியிருக்கும் படப்பெயரை நம்பாமல் இரண்டு பக்கமும் கேளுங்கள். பூஞ்சணம் பிடித்த கசெட்டை அப்படியே போட வேண்டாம், நாடா அறுந்துவிடும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முக்கியமானது என்றால் அந்தச் சின்னத் தகடுகளை உடைத்துவிடுங்கள், ஒட்டிய டேப்பையும் கழற்றுங்கள். கணினிக்கு மாற்றி, ஊர், வருசம், பாடியவர் பெயர் எழுதி வையுங்கள். குரலுக்குரியவர்களின் சம்மதத்தோடு பொதுவில் வைக்க விரும்பினால், 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிகளையும் ஆவணப்படுத்துகிறது.

படப்பாட்டு எங்கேயும் போகாது, அது போனிலேயே இருக்கு. போகப்போவது மற்றதுதான். இந்தக் கிழமை அம்மம்மாவிட்ட ஒரு கசெட்டைப் போட்டுக்காட்டி, “இது யார்ர குரல்?” என்று கேளுங்க. பதில் சொல்ல அவ இருக்கக்குள்ளயே கேக்கோணும்.