பிரின்டர் ஹாலில், லேப்டாப் ரூமில்... குறைந்த செலவில் இணைப்பது எப்படி?

சமயபுரம் சித்திரைத் தேர்க் கூட்டத்துல, ஒரு ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கக் கடைவீதிக்குப் போய்வர்றது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டு பிரின்டர் ஹாலில், லேப்டாப் உள் ரூமில் இருக்கா? புது பிரின்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க.

* பிரின்டரில் வைஃபை பட்டன் இருக்கிறதா? இருந்தால் செலவே இல்லை. 'வைஃபை டைரக்ட்' வசதி இருந்தால் ரவுட்டரும் தேவையில்லை.

* இல்லையென்றால், சுவரோரமாக ஒயர் போகும் வழியை அளந்துடுங்க. யு.எஸ்.பி 2.0 கேபிளுக்கு உச்ச நீளம் 5 மீட்டர், சுமார் 16 அடி. அதற்குள் என்றால் நீளமான கேபிள் ஒன்றே போதும்.

* அதைத் தாண்டினால், சாதாரண எக்ஸ்டென்ஷன்களைக் கோத்து நீட்டாதீங்க. சிக்னல் குறைந்து பிரின்ட் பாதியில் நின்றுவிடலாம். 'ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன்' கேபிள் எனக் கேட்டு வாங்குங்க. அதிலுள்ள சிப், சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும்.

* ரவுட்டரில் யு.எஸ்.பி போர்ட் இருந்தால், மேனுவலில் 'பிரின்ட் சர்வர்' வசதி இருக்கிறதா எனப் பாருங்க. எல்லா மாடலிலும் இருக்காது.

* பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதா? அதில் பிரின்டரை மாட்டி, விண்டோஸில் 'ஷேர்' செய்யுங்க. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கணும். பிரின்ட் எடுக்கும்போது அந்த கம்ப்யூட்டரும் ஆனில் இருக்கணும்.

முதலில் டேப்பை எடுங்க, பர்ஸை அப்புறம் எடுக்கலாம்!