திரைப்பாடல் தரவரிசையும் நேயர் வழக்காடலும்

முன்னுரை

பாட்டைக் கேட்டு மகிழ்வதோடு அமையாமல், பாட்டுகளுள் எது முதலிடத்துக்கு உரியது என்று வழக்காடுவதும் இசை நேயரின் இயல்பாகும். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஆலை விட்டு வரும் தொழிலாளர் கூடும் தெருமுனையிலும் நடந்த இவ்வழக்காடல், ‘சினிமாப் பேச்சு’ என்று ஒதுக்கப்பட்டு இலக்கிய வரலாற்றில் இடம்பெறாமலே போயிற்று. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் பாட்டைப் பற்றித் தமிழ் மக்கள் பெருந்திரளாகக் கருத்து மோதிய களம் அதுவே என்பதை மறுத்தல் இயலாது.

வைகைக் கரையில் அமைந்த ஆரப்பாளையம் இவ்வழக்காடலைக் காண ஏற்ற இடமாகும். பின்னணிப் பாடகர் டி.எம். சௌந்தரராசன் 1922இல் பிறந்தது இம்மதுரை மாநகரில். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அடங்கிய தேனிச் சீமைக்குப் பேருந்துகள் புறப்படுவது ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து. இரண்டு தலைமுறைகளின் இசைக்கும் இவ்வூர் வாசலாக இருந்தது எனலாம். பாடல் தரவரிசை எவ்வாறு தோன்றியது, தமிழ் நேயர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், அவ்வரிசையில் கவிஞன் பெயர் என்னவாயிற்று என்னும் மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மதுரையின் பழைய மரபு

பாட்டைத் தரம் பார்க்கும் வேட்கை மதுரைக்குப் புதிதன்று. தகுதியுடைய நூலுக்கே இடங்கொடுத்த சங்கப்பலகை பற்றிய கதை, தரம் காணும் அவைக்கு இந்நகரம் தந்த உருவகமாகும். அது கதை. ஆனால், பரிபாடல் நமக்குக் கிடைத்துள்ள சான்று. 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த இந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை 22 பாடல்கள். அவற்றுள் பலவற்றின் இறுதியில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களின் வரிசையில் பாடல்கள் அடுக்கப்பட்டுள்ளனவேயன்றி, சிறப்பு வரிசையில் அல்ல. மருத்துவன் நல்லச்சுதனார், பெட்டனாகனார் போன்ற இசை வகுத்தோரின் பெயர்கள் இக்குறிப்புகளாலேயே இன்றும் நிலைத்துள்ளன. பாட்டுக்கு எண் இடாமல், அதனை ஆக்கியோரின் பெயரைப் பதிவு செய்த இம்முறை பின்வரும் செய்திகளை அளப்பதற்கு நல்லதோர் அளவுகோலாகும்.

தரவரிசையின் தோற்றம்

இக்காலத் தரவரிசை வணிகத்தின் குழந்தை. அமெரிக்காவில் ‘பில்போர்டு’ இதழ் நாடளாவிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை 1940 சூலையில் தொடங்கிற்று. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு இசைத்தட்டை வெளியிட்டபின், தனிப்பாடல் தனிச் சரக்காயிற்று. இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் 1952 நவம்பர் 14 அன்று முதல் பட்டியலை வெளியிட்டது. இதழின் அலுவலர் சில கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தட்டு மிகுதியாக விற்றது எனக் கேட்டுக் கூட்டிய கணக்கு அது. நாட்டின் இசைச்சுவை என்று போற்றப்பட்ட பட்டியலின் அடிப்படை இவ்வளவே.

அடிப்படை இவ்வாறிருக்க, வழக்கு எழாமல் இருக்குமா? பிற இதழ்களும் தத்தம் பட்டியல்களை வெளியிட்டன. 1963இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ சில இதழ்களில் முதலிடமும் வேறோர் இதழில் இரண்டாம் இடமும் பெற்றது. எது உண்மை என்று அந்நாட்டு நேயர் இன்றளவும் வாதிடுகின்றனர். தனி இசைத்தட்டாக விற்கப்படாத பாடலை அமெரிக்க முதன்மைப் பட்டியல் 1998 இறுதி வரை ஏற்கவில்லை. அதனால் ‘நோ டவுட்’ குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலிக் கணக்கில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் முதன்மைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. நாடே கேட்ட பாட்டு, விதியின் கண்ணுக்குப் புலப்படாத பாட்டாயிற்று. திரைப்படத்தின் உறுப்பாகவே பிறந்த தமிழ்ப் பாடல்களை இத்தகைய விதியால் அளக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதை இதனால் உணரலாம்.

கொழும்பிலிருந்து வந்த ஒலி

இங்கிலாந்தின் பட்டியல் வெளிவந்த சில வாரங்களிலேயே, 1952 டிசம்பரில், இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. இதற்கு இந்திய அரசின் கொள்கையும் ஒரு காரணமாகும். அவ்வாண்டில் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தாழ்ந்ததெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று வானொலி அதனை விலக்க, படத் தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றனர். பாட்டோடு எந்தப் பெயரைச் சொல்வது என்னும் பூசலே நேயர்களைக் கொழும்பு அலைவரிசைக்குத் திருப்பியது என்பது கருதத்தக்கது. அகில இந்திய வானொலி 1957 அக்டோபரில் விவிதபாரதியைத் தொடங்குவதற்குள் இலங்கை வானொலி இந்திய இல்லங்களில் வேரூன்றிவிட்டது.

அமீன் சயானி தொகுத்தளித்த ‘கீத்மாலா’ முதலில் தரவரிசையாக இருக்கவில்லை. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயர்களையே கேட்டது. கடிதங்கள் மலைபோல் குவிந்தன. பின்னர், இசைத்தட்டு விற்பனைக் கணக்கோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துத் தரவரிசையாக மாறியது. கடைக்கணக்கு மட்டும் போதாது, கேட்பவரின் வாயும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி ஏற்றுக்கொண்டதற்கு நேயர் மன்றங்களே சான்று.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வேறொரு நெறியில் சென்றது. மயில்வாகனம், இராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்கள் கடல் கடந்து தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டன. ‘பொங்கும் பூம்புனல்’ காலைப் பொழுதை அறிவித்தது. பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் அஞ்சலட்டை அனுப்பியோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி, பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த நேயரைப் போட்டியாளர் ஆக்கியது. இங்கே பெருமை பாட்டின் இடத்துக்கு அன்று. ‘கேட்டவர் இன்னார், கேட்ட பாட்டு இன்னது’ என்னும் உறவுக்கே. விருப்பத்தைச் சொல்லும் இம்மரபு வரிசையைச் சொல்லும் மரபினும் தமிழ் நேயர்க்கு நெருக்கமாக இருந்தது.

நேயர் பெயர் கேட்டால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1949இல் வெளியான ‘மஹல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடியவர் பெயராகக் கதைமாந்தரின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்க, லதா மங்கேஷ்கர் பெயர் நாடறிந்தது. பாடகரின் பெயரை மீட்டது தரவரிசை அன்று, நேயரின் கேள்வி.

மதுரைத் தெருவில் நடந்த வழக்கு

தமிழ்நாட்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் போன்ற வாராந்தர விற்பனைப் பட்டியல் நேயரின் வாழ்வில் இடம்பெறவில்லை. திருமணத்திலும் கோயில் விழாவிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ‘மைக் செட்’காரர் எந்தத் தட்டை மீண்டும் மீண்டும் வைத்தார் என்பதே ஊரின் பட்டியல். அப்பட்டியலின் மேல் நடந்த வழக்கு நெடுங்காலம் எம்.ஜி.ஆர். பாட்டா, சிவாஜி பாட்டா என்பதாகவே இருந்தது. இரு தரப்பினரும் ஒன்றை மறந்தனர். 1954இல் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் ‘தூக்குத் தூக்கி’ படத்தில் சிவாஜிக்கும் பாடியது ஒரே மதுரைக் குரல். பின்னாளில் இருவருக்கும் சொல் தந்தோர் கண்ணதாசனும் வாலியும். 1965இல் பிரியும் வரை இருவருக்கும் இசை தந்தோர் விசுவநாதன் - இராமமூர்த்தி. ஒரே பட்டறையில் வார்த்த இரு விளக்குகளுள் எது பெரிது என்று கேட்டதை ஒத்தது அவ்வழக்கு.

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வந்தது. அதுவரை நடிகர் பெயராலோ கவிஞர் பெயராலோ வழங்கிய பாட்டு, பையப்பைய ‘ராஜா பாட்டு’ என இசையமைப்பாளர் பெயரால் வழங்கத் தொடங்கியது. இது நேயரின் செவி நுண்மை பெற்றதன் அடையாளம். நடிகரின் முகத்தைத் தாண்டி இசைக்கருவிகளின் பின்னலை அவர்கள் கேட்கலாயினர். அதே வேளையில் அப்படத்தின் பாடல்களை எழுதிய பஞ்சு அருணாசலத்தின் பெயர் பேச்சில் பின்தள்ளப்பட்டது. ஒரு பெயர் ஏறும்போது மற்றொரு பெயர் இறங்கியது.

ஒலிநாடாக் காலத்தில் இவ்வழக்கு எழுத்து வடிவம் பெற்றது. வெற்று நாடாவையும் விருப்பப் பாடல்களின் பட்டியலையும் பதிவுக் கடையில் கொடுத்து, பாடல்களைப் பதிந்து வாங்குவது 1980களில் பெருவழக்கு. அறுபது நிமிட நாடாவில் ஏறத்தாழ பன்னிரண்டு பாட்டே அடங்கும். பதின்மூன்றாம் பாட்டை விலக்க நேர்ந்தவர் தம் நெஞ்சோடு வழக்காடியே ஆக வேண்டும். நேயர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தொகைநூலைத் தொகுத்தனர் என்று இதனைக் கொள்வது மிகையாகாது.

1992இல் ‘ரோஜா’ படத்தின்வழி ஏ.ஆர். ரகுமான் வந்தபின் வழக்கு புதிய வடிவெடுத்தது. அவ்வாண்டுக்குரிய தேசிய விருதில் ‘ரோஜா’வும் இளையராஜாவின் ‘தேவர் மகன்’ படமும் சம வாக்குப் பெற, தலைவர் என்ற முறையில் தம் வாக்கை ரகுமானுக்கு அளித்ததாகப் பாலு மகேந்திரா பின்னாளில் கூறினார். இளையராஜாவோடு பல படங்களில் பணியாற்றியவர் அவர். அறிஞர் அவையிலும் முதலிடம் ஒரே ஒரு வாக்கில் நின்றது என்றால், அந்த இடத்தைப் பாட்டின் தரத்துக்கு முழுச்சான்றாகக் கொள்வது எங்ஙனம்?

2002ஆம் ஆண்டு உலகப் பட்டியல்

இவ்வினாவுக்கு உலக அளவில் விடை தந்தது பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி 2002இல் நடத்திய வாக்கெடுப்பு. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்றரை இலட்சம் அளவில் வாக்குகள் வந்தன. ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம் பெற்றது. தமிழகம் இதனைக் கொண்டாடியது. இன்றும் மேடைகளில் சொல்லி மகிழ்கிறது.

பட்டியலை முழுமையாகப் பார்ப்பவர்க்கு வேறு செய்திகள் புலப்படும். முதலிடம், மின்னஞ்சல்வழித் திரட்டிய ஆதரவோடு வந்த அயர்லாந்து விடுதலைப் பாடல். இரண்டாவது ‘வந்தே மாதரம்’. மூன்றாவது பாகிஸ்தானின் நாட்டுப்பற்றுப் பாடல். ஐந்தாவது, திருமலைச் சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்னும் ஈழத்தமிழ்ப் பாடல். திரைப்படமோ பெருநிறுவனமோ துணையில்லாத பாட்டு, பத்தாம் இடத்தில் நின்ற ‘பொஹீமியன் ராப்சடி’யை முந்தியது. மண்ணை இழந்தும் மண்ணுக்காக ஏங்கியும் வாழ்ந்தோரே திரண்டு வாக்களித்தனர் என்பது வெளிப்படை. உலகின் இசைச்சுவையை அறிய எடுத்த கணக்கு, உலகில் யார் யார் தம் இருப்பை எண்ணிக்கையால் உணர்த்த விழைந்தனர் என்பதன் கணக்காக முடிந்தது. ஈழத்துப் பாடலைத் தமிழகத்தில் பலர் கேட்டதே இல்லை; நான்காம் இடத்தைக் கொண்டாடிய மேடைகள் ஐந்தாம் இடத்தைப் பேசவும் இல்லை.

கவிஞர்கள் உன்னத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. ‘ராக்கம்மா’ பாடலை எழுதியவர் வாலி. அதன் நடுவே குழுவினர் பாடுவது அப்பர் தில்லையில் பாடிய தேவாரம். ஏழாம் நூற்றாண்டுத் திருப்பாட்டு இருபத்தோராம் நூற்றாண்டின் உலக வரிசையில் ஏறியது பெருவியப்பு. ஆனால், ‘நான்கு’ என்னும் எண்ணுக்குள் வாலியும் இல்லை, அப்பரும் இல்லை.

எண்ணிக்கையின் பெருக்கம்

இணையம் வந்தபின் கடைக்காரரும் தேவையற்றுப் போயினர். கேட்கும் விரலே எண்ணப்படுகிறது. ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ 2020இல் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளை எட்டியது. ஆயினும் பழைய ஐயம் விலகவில்லை. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்துப் பெற்ற பார்வைகளை இருபத்துநான்கு மணி நேரச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 2019 செப்டம்பரில் அந்நிறுவனமே விதி மாற்ற நேர்ந்தது. பீட்டில்ஸ் காலத்து வழக்கு கோடிகளில் நடக்கிறது, வழக்கு மாறவில்லை.

முடிவுரை

இவற்றால் பெறப்படுவது, தரவரிசை பாட்டை அளப்பதில்லை. எண்ணியவர் யார், எதனை எண்ணினர் என்பதையே காட்டுகிறது என்பதாம். அதனால் அது பயனற்றதாகிவிடாது. ஒரு காலத்து மக்களின் விருப்பத்தையும் ஏக்கத்தையும் வணிக வலிமையையும் அறிய அது வரலாற்றுச் சான்று. பாட்டின் தரத்துக்கு அதனைச் சான்றாக்குவதே பிழை.

தரத்துக்கு நெருங்கிய சான்று நேயர் வழக்காடலில் உள்ளது. ‘என் பாட்டே முதல்’ என்பவர், ‘ஏன்’ என்று எதிரி கேட்டவுடன் சொல்லின் அழகையோ சுரத்தின் வளைவையோ குரலின் குழைவையோ எடுத்துரைக்க வேண்டியவர் ஆகிறார். ‘இது யார் எழுதியது?’ என்னும் வினாவும் அங்கேயே எழுகிறது. ஆதலின், தேநீர்க் கடை வழக்கை இகழாது, அதற்குள் இந்த வினாவை ஓயாமல் எழுப்புவது இலக்கிய அமைப்புகளுக்கும் கவிஞர்களுக்கும் உரிய பணியாகும். மேடையில் ஒரு பாட்டைப் பாடினாலும், மலரில் ஒரு பாட்டைச் சுட்டினாலும், எழுதியவர், இசைத்தவர், பாடியவர் என மூன்று பெயரையும் சொல்லும் வழக்கத்தை வளர்ப்பது எளிது; செலவும் இல்லை.

வைகையைப் பாடிய பரிபாடல்களுள் எது அந்நாளில் மக்கள் பெரிதும் விரும்பியது என்பதை அறிய இன்று வழியில்லை. அவற்றை இயற்றியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்பதை மட்டும் ஏடு நமக்காகக் காத்து வைத்திருந்தது.