ஆயா பாடின பாட்டு யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று வாத்தியாராக இருந்த பழக்கம், சுருக்கிச் சொல்ல வராது. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். வீட்டைச் சுத்தம் செய்யும்போது தகரப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்ததாம். 1990களில் நான் ஜவ்வாது மலையில் வேலை பார்த்தபோது மலையாளி மக்களிடம் கேட்டு எழுதிய பாட்டுகளின் தொகுப்பு அது. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் பக்கம் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை. மலைவாழ் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ்.)

"சார், அட்டையில உங்க பேரு இருக்கு. உள்ள 'உரிமை தொகுப்பாசிரியருக்கே'ன்னு போட்டிருக்கு. பாடினது எங்க ஆயா. அவங்க பேரு எங்க சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த ஆயாவை நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் உரலில் சாமை குத்திக்கொண்டே பாடுவார். நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உலக்கை நின்றால் பாட்டும் நின்றுவிடும், அதனால் அவரை நிறுத்தச் சொல்லி எழுதவும் முடியாது. ஒருநாள், "இது யார் கட்டின பாட்டு ஆயா?" என்று கேட்டேன். "நான் எங்க வாத்தியாரே கட்டினேன்? எங்க ஆயா பாடினாங்க. அவங்களுக்கு அவங்க ஆயா. நடுவுல நானும் நாலு வரி போட்டேன்" என்றார். பக்கத்து ஊரில் அதே பாட்டை வேறு நாலு வரியோடு கேட்டேன். எது மூலம், எது சேர்த்தது என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

சட்டம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். எழுதியது யார்? எந்த ஆண்டு? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் பதிப்புரிமை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1710இல் இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. லண்டன் புத்தக வியாபாரிகளின் தகராறுகளுக்கு நடுவே பிறந்த சட்டம். புதிய புத்தகத்துக்கு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அச்சு, ஆசிரியர், தேதி, இந்த மூன்று காலில் நிற்கிற நாற்காலி. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதே நாற்காலிதான், காலம் மட்டும் கூடியிருக்கிறது: ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். தலைமுறை தலைமுறையாக ஊரே சேர்ந்து கட்டிய பாட்டு இதில் எங்கே உட்காரும்? அதனால் அது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்தாகிவிடுகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திய எனக்கு, தொகுப்பின் மேல் உரிமை வந்துவிடுகிறது! 1994 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுப்புறப் பாடகருக்கும் நிகழ்த்துவோர் உரிமை இருக்கிறதே என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். அது பாடிய குரலைப் பதிவு செய்வதற்கு. நான் டேப்பில் பதியவில்லை, நோட்டில் எழுதினேன். அந்த வழியும் ஆயாவுக்கு இல்லை.

பெயர் தெரிந்த ஒருவருக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு இனப் பாடகர் 1939இல் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 'ம்பூபே' என்றால் சிங்கம். பாட்டின் உரிமை வெறும் பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியதாகச் சொல்வார்கள். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய், 1961இல் வேறு வரிகளோடு உலகப் புகழ் பெற்றது. 1994இல் வந்த 'லயன் கிங்' படத்திலும் கேட்டிருப்பீர்கள். லிண்டா 1962இல் ஏழையாகவே செத்துப்போனார். பிள்ளைகள் 2004இல் வழக்குப் போட்டு, 2006இல் சமரசம் ஆகிப் பணம் கிடைத்தது. அவர்களைக் காப்பாற்றியது 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு. ஆசிரியர் இறந்து 25 ஆண்டு கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்றது அது. வேடிக்கை என்னவென்றால், 1914 முதல் இந்தியாவிலும் அதே சட்டம்தான் அமலில் இருந்தது.

லிண்டாவுக்கு ஒரு பெயரும் வாரிசும் இருந்தார்கள். ஊர்ப் பாட்டுக்கு வாரிசு யார்? கானா நாடு 2005இல் ஒரு பதில் சொன்னது: நாட்டார் படைப்புகளின் உரிமை மக்கள் சார்பில் குடியரசுத் தலைவரிடம் இருக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை. மலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காட்டை அரசு 'மக்கள் சார்பில்' வைத்திருந்ததன் பலனை அங்கே கண்ணால் பார்த்தவன் நான். சுள்ளி பொறுக்கப் போனவர்கள் அபராதம் கட்டினார்கள்.

நம் ஊரில் நடந்த இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் பெண்கள் தைப்பது. மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில் உள்ள சமூகம். நல்ல காரியம்தான். ஆனால் குறியீடு காப்பது பெயரை. 'தோடர்' என்ற சொல்லைப் போடாமல் அதே கோலத்தை மிஷினில் அச்சடித்து விற்பவனைப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று அகத்தியமலைக் காணிக்காரர்கள் கதை. 1987இல் காட்டுக்குள் போன ஆராய்ச்சியாளர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டு உற்சாகமாக நடந்தார்கள். முதலில் அதைச் சொல்ல மறுத்தார்கள், அது அவர்கள் இனத்தின் ரகசியம். பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. பணத்தை வாங்க ஒரு அமைப்பு வேண்டுமே என்று 1997இல் ஓர் அறக்கட்டளை. உலகமே பாராட்டியது. ஆனால் தங்களை யாரும் கேட்கவில்லை என்று வேறு பகுதிக் காணிகள் வருத்தப்பட்டார்கள். காசைப் பங்கு போடுவதற்கு வழி கண்டுபிடித்தார்கள், முன்கூட்டியே எல்லாரையும் கேட்பதற்கு வழி இல்லை.

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் 2024 மே மாதம் ஒரு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. பழங்குடி அறிவைப் பயன்படுத்திக் காப்புரிமை கேட்பவர், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். செடிக்கும் மருந்துக்கும் இது உதவும். பாட்டு, கோலம், கதைக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது, 2000த்திலிருந்து!

இதற்கெல்லாம் நாம் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், பிரிவு 3(1)(கே). பல்லுயிர், பண்பாட்டுப் பன்மை சார்ந்த மரபறிவின் மேல் சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. சமூக உரிமை கோரும் படிவத்தில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. பட்டாவுக்கும் மேய்ச்சலுக்கும் அலைகிற மக்கள் அந்த இடத்தை நிரப்பி நான் பார்த்ததில்லை. நிரப்பினாலும், பதிப்புரிமைச் சட்டம் அதைத் திரும்பிப் பார்க்காது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். கிராம சபை பதிந்து வைத்த பாட்டையோ கதையையோ விற்பனைக்கு எடுப்பவர் அந்த சபையில் கேட்டு, ஊரின் பெயரைப் போட்டு, பங்கு கொடுக்க வேண்டும். காலக்கெடு கூடாது. ஊர்க்காரர் பாடுவதற்கு எந்தத் தடையும் கூடாது. ஒரே பாட்டுக்கு மூன்று ஊர் உரிமை கேட்டால் மூன்று பெயரையும் போடட்டும், என்ன குறைந்துவிடும்?

மாணவனைத் திரும்பக் கூப்பிட்டேன். பழைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கரையான் அரித்தது போக 61 பாட்டு தேறும். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஊர்ப் பெயரும் பாடியவர் பெயரும் அன்றே குறித்து வைத்திருக்கிறேன், புத்தகத்தில்தான் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு நோட்டோடு வரச் சொன்னான்.

"பாட்டை வாசிக்க வேணாம் சார், பேருங்கள மட்டும் வாசிங்க. பாட்ட எங்க அம்மா பாடுவாங்க."