ஒரு பாகை வெப்பம்

பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது நம் பாட்டிக்கும் தெரியும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

1860களில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், திராட்சை மதுவைக் கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்கினாலே அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மடியும் என்று காட்டினார். காய்ச்சாத பாலால் காசநோய் பரவிய காலம் அது. 1893இல் நியூயார்க்கில் நேதன் ஸ்ட்ராஸ், ஏழைக் குழந்தைகளுக்காகப் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பால் நிலையத்தைத் திறந்தார்.

பின்னர் 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் என்றிருந்ததைப் பொறியாளர்கள் 72 பாகையில் 15 விநாடியாகச் சுருக்கினர். 1956இல் அமெரிக்கா, 30 நிமிட முறைக்குரிய வெப்பத்தை 61.7இலிருந்து 62.8 பாகையாக உயர்த்தியது. கியூ காய்ச்சல் கிருமி பழைய சூட்டில் பிழைத்துவிடும் என்பதே காரணம்.

வெறும் ஒரு பாகைதான். ஆனால், அதற்குள் எத்தனை குழந்தைகளின் உயிர் அடங்கியிருக்கிறது! சிந்திப்போம்.