ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பிரேக் பாகங்களும் மேம்பாடும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த சிறு கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமான இது, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய உறவு. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டாலும் இதன் பிரேக் அமைப்பை முழுமையாகப் புதுப்பிக்க இன்றும் வழி உண்டு. சில பாகங்களைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளிலேயே சீராக்கிவிடலாம். சில பாகங்கள் ஸ்பிட்ஃபயர் உரிமையாளர்களுக்காக வெளிநாட்டில் இன்னும் தயாராகின்றன. இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தின் சிக்கல் தொடங்கி வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, இராமேசுவரம் வரையிலான கடலோரத்தில் இவ்வகைக் காரை வைத்திருப்போர், உப்புக்காற்றையும் கணக்கில் கொண்டுதான் பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரலாறு

ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1948இல் தொடங்கப்பட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி உருவம் கொடுத்த டிரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் 948 சி.சி. எஞ்சினுடன் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னை நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கெஸல் 1972 முதல் 1977 வரை விற்பனையில் இருந்தது.

ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. உடற்கூடு அதன்மேல் திருகி நிற்கும். இந்தச் சட்டகத்திலிருந்து பிறந்ததுதான் 1962இல் அறிமுகமாகி 1980 வரை தயாரான ஸ்பிட்ஃபயர். முன்சக்கரத் தொங்கலமைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் உலகம் முழுவதும் விரும்பப்படும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்காகச் செய்யப்படும் பாகங்கள், இராமநாதபுரத்தில் நிற்கும் குடும்பக் காருக்கும் பயன்படுகின்றன.

பிரேக் தொழிலும் அதே ஆண்டுகளில் சென்னையில் வேரூன்றியது. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ்-கெர்லிங் தரப்பும் கூட்டாக 1962இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவின. ராணே பிரேக் லைனிங் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் தொடங்கின. காரும் அதை நிறுத்தும் லைனிங்கும் ஒரே நகரத்தில் உருவான இந்த மரபு, ஹெரால்டு வைத்திருப்போருக்குக் கிடைத்த பெரும் வசதி.

மூல அமைப்பு

இந்திய ஹெரால்டின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். 948 சி.சி. டிரையம்ப் வடிவத்தில் முன் டிரம் 8 அங்குலம், பின் டிரம் 7 அங்குலம் விட்டமுடையவை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாகப் பிரேக் ஆயில் நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. எங்காவது ஒரு பைப் உடைந்தாலோ ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலோ நான்கு பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். பிறகு கைபிரேக் மட்டுமே மிஞ்சும். அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும்.

பின் வீல் சிலிண்டருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும்போது, சிலிண்டர் பின்தட்டில் உள்ள துளைவழியில் எதிர்த்திசையில் நகர்ந்து மறு ஷூவைத் தள்ளும். அந்த இடத்தில் துரு ஏறினால் சிலிண்டர் நகராது. ஒரு ஷூ தேய, மற்றது புதிதாகவே இருக்கும்; வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். லைனிங்கை மட்டும் மாற்றிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் கோளாறு திரும்பவும் வரும்.

பாகங்களை அடையாளம் காணுதல்

கெர்லிங் சிலிண்டர்களின் வார்ப்பிலேயே உள்விட்டம் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். துருவைச் சுரண்டிவிட்டு அந்த எண்ணைப் படித்த பிறகே மாற்றுப் பாகம் வாங்க வேண்டும். உள்விட்டம் சற்றே மாறினாலும் பிரேக்கின் குணம் மாறிவிடும். ⅝ அங்குல மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 198 சதுர மி.மீ.; ¾ அங்குலத்தின் பரப்பு 285 சதுர மி.மீ. அதே கால் அழுத்தத்துக்குப் பெரியது தரும் திரவ அழுத்தம் ஏறக்குறைய 31 விழுக்காடு குறைவு. பெடல் கெட்டியாகத் தெரியும், வண்டி எளிதில் நிற்காது.

மரையையும் சரிபார்க்க வேண்டும். இவ்வகை ஆங்கிலக் கார்களின் சிறு பிரேக் பைப் நட்டுகள் பெரும்பாலும் ⅜ அங்குல யூ.என்.எஃப். மரை கொண்டவை, விட்டம் 9.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 புரி. இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட மெட்ரிக் நட்டு. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் தொளதொளவென்று ஏறிவிடும். இறுக்கினால் பிடித்ததுபோலவும் தோன்றும். திடீர் பிரேக்கின்போது அந்த மரை உருவிக்கொள்ளலாம். பைப் முனையின் விரிப்பு வடிவமும் எதிர்ப்பகுதியின் இருக்கையோடு பொருந்த வேண்டும்; பொருந்தாத முனையை இறுக்கி இறுக்கிக் கசிவை நிறுத்த முயல்வது தவறு.

கிடைக்கும் இடங்கள்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலை புதிய உதிரிபாகங்களுக்கும், புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. புதுப்பேட்டையில் டிரம், பின்தட்டு, பெடல் கட்டு போன்ற உலோகப் பாகங்களைத் தேடலாம். பழைய கப்பு, ஹோஸ், வாஷர் போன்ற ரப்பர் பாகங்களை அங்கிருந்து எடுத்துப் பூட்டவே கூடாது.

பெட்டி பிரிக்காத பழைய சரக்குக்கும் இதே விதி. நாற்பது ஆண்டு அலமாரியில் இருந்த வீல் சிலிண்டரின் உலோகம் நன்றாக இருக்கலாம். உள்ளிருக்கும் கப்பு இறுகிப்போயிருக்கும். உலோகத்தை வைத்துக்கொண்டு ரப்பரை மாற்றிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற விற்பனையாளர்கள் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் பாகங்களை விற்கின்றனர். அங்கிருந்து வரவழைக்கும்போது காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இந்திய வண்டிகளில் இடைக்காலத்தில் உள்ளூர்ப் பாகங்கள் ஏறியிருக்கக்கூடும். எனவே உள்விட்டம், மரை, டிரம் அகலம் ஆகியவற்றை அளந்து எழுதி அனுப்புவதே சரி.

பட்டறையில் சீரமைத்தல்

மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்வது தற்காலிகத் தீர்வுதான். லேத் பட்டறையில் உட்துளையைப் பெரிதாக்கி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் பொருத்தி, பழைய அளவுக்கே கடைந்தால் மூலப் பாகம் மீண்டும் பயன்படும். கடலோரத்தில் இது புதிய இரும்புச் சிலிண்டரைவிட நீடிக்கும்.

ஷூக்களுக்குப் புதிய லைனிங் ஒட்டுவதும் ரிவிட் அடிப்பதும் மதுரை போன்ற நகரங்களில் எளிதாக நடக்கும் வேலை. டிரம்மைக் கடையும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. மெலிந்த டிரம் சூட்டில் விரிந்து பிரேக் பலவீனமாகும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மேம்பாடு

ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1956இலேயே டி.ஆர்.3 ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களில் கெர்லிங் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியது. ஸ்பிட்ஃபயர் 1962இல் 9 அங்குல முன் டிஸ்க்கோடு வந்தது. டிரையம்ப் ஹெரால்டின் 12/50 வகைக்கும் 1963 முதல் முன் டிஸ்க் கிடைத்தது. ஆகவே ஹெரால்டுக்கு டிஸ்க் மாற்றம், தொழிற்சாலையே வகுத்துத் தந்த வழி. ஹப், டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், ஹோஸ் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டும்.

அதோடு வேலை முடிவதில்லை. டிரம்முக்கான அமைப்பில் மீதி அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருந்தால், டிஸ்க்கில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பேட் தேயத் தேயக் காலிப்பருக்குக் கூடுதல் ஆயில் தேவைப்படுவதால் பெரிய கொள்கலனும் வேண்டும். பின் வீல் சிலிண்டரின் அளவு முன்பக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும்.

மாருதி 800இன் டிஸ்க்கைப் பொருத்தும் யோசனை அடிக்கடி எழும். ஹெரால்டின் நான்கு சக்கரப் போல்ட்டுகள் 95.25 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்தவை, மாருதியினுடையது 114.3 மி.மீ. துளைகளை மாற்றிப் போட்டும் இடைத்தட்டு வைத்தும் செய்யும் ஒட்டுவேலை, சக்கரத்தின் பிடிப்பையே பணயம் வைப்பதாகும்.

சர்வோ பூஸ்டர் கால் அழுத்தத்தைக் குறைக்கும். டயரின் பிடிப்பைக் கூட்டாது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான் உயிர் காக்கும் மாற்றம். முன், பின் சுற்றுகள் தனித்தனியாகும்போது ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். அமெரிக்கச் சட்டம் 1968 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது.

உப்புக்காற்றும் பிரேக்கும்

வாலிநோக்கம் உப்பளங்களின் காற்று, இராமேசுவரத்துக்கு 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், 2017இல் திறந்த அரிச்சல்முனைச் சாலை எல்லாம் வண்டியின் அடிப்பகுதிக்குச் சோதனைதான். சாதாரண எஃகுப் பைப் வெளியிலிருந்து அரித்து, கிளிப்பின் அடியில் முதலில் ஓட்டையாகும். செம்பு-நிக்கல் கலவைப் பைப் இங்கே பொருத்தமான மாற்று.

டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகக் குறையும். உறிஞ்சிய நீர் சிலிண்டரை உள்ளிருந்தும் அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். சிலிக்கோன் சார்ந்த டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் அதைப் பழைய ஆயிலோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால் பிரேக் ரப்பர்கள் உப்பிக் கெடும்.

நீண்ட நாள் நிறுத்தும்போது கைபிரேக்கை இழுத்தே வைத்திருந்தால் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே நல்லது.

பதிவு விதிகள்

ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்யும் விதிகளை இந்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்தது. பதிவு பத்து ஆண்டு செல்லும். புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எனவே பிரேக் மேம்பாட்டுக்காகச் சட்டகத்தை வெட்டுவதையும் பற்றவைப்பதையும் தவிர்த்து, போல்ட்டில் ஏறி இறங்கும் பாகங்களையே நாட வேண்டும். கழற்றிய மூலப் பாகங்களைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

முன்னுரிமை

இராமநாதபுரம் மாவட்டம் சமதரை. கொடைக்கானல் மலைச்சாலையில் டிரம் சூடேறிப் பலமிழப்பதுபோல் இங்கே நேர்வது அரிது. துருவும் ஓரிடத்திலேயே கிடப்பதும்தான் பிரேக்கைக் கெடுக்கின்றன. அதனால் இப்பகுதியில் செலவைத் தொடங்க வேண்டிய இடம் பைப், ஹோஸ், கப்பு, ஸ்லீவ் போட்ட சிலிண்டர், புதிய ஆயில். அடுத்தது இரட்டைச் சுற்று. டிஸ்க் அதன் பிறகுதான். சீராக அமைத்த டிரம் பிரேக், இந்தச் சாலைகளில் ஹெரால்டின் வேகத்துக்குப் போதுமானது. கசியும் சுற்றில் மாட்டிய டிஸ்க் எந்தச் சாலைக்கும் ஆகாது.