தர்க்காஸ்து: ஒரு சொல்லும் செங்கற்பட்டு நிலமும்

சென்ற மாதம் தாராவியில் முதியவர் ஒருவர் தமது அறை தொடர்பான வழக்கின் தாளை என்னிடம் நீட்டினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் மும்பை வந்தவர். மராத்தி பேசுவார், வாசிக்க இயலாது. “என்னன்னு வாசிச்சுச் சொல்லுய்யா” என்றார். தாளின் தலைப்பில் ‘தர்காஸ்த்’ என்றிருந்தது. மராட்டிய மாநில நீதிமன்ற வழக்கில், கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு கோரும் மனுவுக்கு அப்பெயர். பாரசீகத்தில் அதன் பொருள் வேண்டுகோள் என்பதே.

அச்சொல்லை நான் அதற்கு முன் சந்தித்தது செங்கற்பட்டு மாவட்டத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த்துறை வரலாற்றில். அங்கே ‘தர்க்காஸ்து’ என்பது தரிசு நிலத்தைப் பயிரிட அனுமதி கேட்டு அரசுக்குக் கொடுக்கும் விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தை யார் கொடுக்கலாம், கொடுத்தால் யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியில் ஒரு சிறிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபை எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இப்பதிவில் எழுத விரும்புகிறேன்.

செங்கற்பட்டு மிராசி மாவட்டம். ஊரின் விளைநிலத்தில் மட்டுமன்றித் தரிசிலும் தமக்கு வழிவழி உரிமை உண்டு என மிராசுதார்கள் வாதிட்டனர். தர்க்காஸ்து விதிகளும் அவர்களுக்கு முன்னுரிமை அளித்தன. மிராசி உரிமை இல்லாத ஒருவர் தரிசுக்கு மனுச் செய்தால், அதே நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்வதாக மிராசுதார் முன்வரலாம். மனுச் செய்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். அப்படியே நிலம் கிடைத்தாலும் மிராசுதாருக்கு ஒரு பங்கு செலுத்த வேண்டிய நிலை இருந்தது. அந்தப் பங்கின் பெயர் ‘சுதந்திரம்’. இன்று நாம் விடுதலை என்னும் பொருளில் வழங்கும் சொல், அன்றைய செங்கற்பட்டுக் கணக்குகளில் பிறர் உழைப்பிலிருந்து பெறும் பரம்பரை வருவாயைக் குறித்தது. சொற்பொருள் மாற்றத்துக்கு மாணவர்களிடம் நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு இது.

நிலத்தில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் பறையர்கள். பலர் படியாட்கள். அவர்கள் குடியிருந்த சேரியின் மனையும் அவர்களுடையதன்று. கூலி உயர்வு கேட்டாலோ தர்க்காஸ்து எழுதினாலோ குடிசையை இழக்க நேரிடும். ஆகவே மனு எழுதுவது அவர்களுக்கு வெறும் எழுத்து வேலையாக இருக்கவில்லை.

இனித் திருச்சபைக்கு வருவோம். பிரஸ்பிட்டேரியன் அமைப்பில் பேராயர் இல்லை. ‘பிரஸ்புட்டெரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள் மூத்தவர். தமிழ் விவிலியம் அதை ‘மூப்பர்’ என்றது. ஒவ்வொரு சபையையும் போதகரும் மூப்பர்களும் கூடி நடத்துவர். பல சபைகள் சேர்ந்து பிரஸ்பிட்டரி எனும் வட்டார மன்றம். அதற்கு மேல் சினாடு. அதற்கும் மேல் பொதுப்பேரவை. கீழ்மன்றத்தில் முடியாததை மேல்மன்றத்துக்கு எழுத்து வடிவில் கொண்டு செல்லலாம். மனு, அறிக்கை, நடவடிக்கைக் குறிப்பு, மேல்முறையீடு ஆகியவை இத்திருச்சபையின் அன்றாடப் பழக்கங்கள்.

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டது. சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை நிலவுடைமையாளருக்கு இருக்கலாகாது என்ற பூசலில் 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். பம்பாயில் ஜான் வில்சனும் சென்னையில் ஜான் ஆண்டர்சனும் அதன் பக்கம் நின்றனர். வில்சன் கல்லூரியும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அவ்விருவர் தொடங்கிய பள்ளிகளிலிருந்து வளர்ந்தவை. அப்போது ஸ்காட்லாந்தின் நிலவுடைமையாளர் சிலர் புதிய சபைகளுக்குக் கோயில் கட்ட மனை தர மறுத்தனர். ஸ்ட்ராண்டியன் என்னும் ஊரார் கரையில் இடம் கிடைக்காமல், 1846-இல் கடற்கழியில் மிதக்கும் இரும்புக் கோயில் ஒன்றை அமைத்து வழிபட்டனர். மனை மறுப்பை விசாரிக்க 1847-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு குழுவை அமர்த்தியது. மனை மறுக்கப்படுவதன் பொருளை அத்திருச்சபை தன் வரலாற்றிலேயே அறிந்திருந்தது. செங்கற்பட்டில் நடந்ததற்கு இதுவே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் இவ்வொப்புமை கவனத்துக்குரியது.

இத்திருச்சபையைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரு செங்கற்பட்டில் பணியாற்றினார். அதே மாவட்டத்தில் வெஸ்லியன் மெதடிஸ்ட் திருச்சபையின் வில்லியம் கவுடி இக்காட்டை மையமாகக் கொண்டிருந்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின் நினைவு மறையாத காலம் அது. சேரி மக்கள் மிஷனெரிகளை நாடி வந்தபோது ஞானஸ்நானத்தை மட்டும் கேட்கவில்லை; நிலமும் மனையும் மிராசுதாருக்கு எதிராகத் துணையும் கேட்டனர். மிஷனெரிகளுள் பலர் இதை ஐயத்துடன் நோக்கினர். உலக ஆதாயத்துக்காக வருவோரைச் சேர்ப்பது தகுமா என்பது அவர்தம் உள்விவாதம். ஆண்ட்ருவும் கவுடியும் அக்கோரிக்கையின் நியாயத்தை ஏற்றனர். நிலமின்மையும் மனையின்மையுமே அடிமைத்தனத்தின் வேர் என எழுதினர், அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர்.

அப்போது மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்தவர் ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர். அவர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கை மிராசி முறையையும் தர்க்காஸ்து விதிகளையும் நேரடியாகச் சாடியது. வருவாய் வாரியம் அதன் பரிந்துரைகளில் பலவற்றை எதிர்த்தது. எனினும் 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசு பிறப்பித்த 1010-ஆம் எண் ஆணை, தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்க வழி திறந்தது. பிற சமூகத்தாருக்குக் கைமாற்றலாகாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட இந்நிலங்களே இன்று பஞ்சமி நிலம் எனவும் டி.சி. நிலம் எனவும் அறியப்படுகின்றன.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, மிஷனெரிகளை மீட்பர்களாக்குவது. அவர்கள் நிலக் கேள்வியைக் கண்டுபிடிக்கவில்லை. சேரி மக்கள் அதை அவர்கள் வாசலுக்குக் கொண்டு சென்றனர். அதே ஆண்டுகளில் அயோத்திதாசர் 1891-இல் நீலகிரியில் மாநாடு கூட்டினார். செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோரின் சொந்தக் குரல் தனித்து எழுந்துகொண்டிருந்தது. மிஷன் நிறுவிய குடியிருப்புகளுக்கும் ஒரு வரம்பு இருந்தது. ஸ்காட்லாந்து ஊர்ப்பெயரைத் தாங்கிய மெல்ரோசாபுரம் போன்ற இடங்களில் குடியானவர் மிராசுதாரிடமிருந்து விலகினார். ஆனால் மிஷனின் ஒழுங்குக்கு உட்பட்டார். பம்பாய்ப் பக்கத்தில் நாராயண் சேஷாத்ரி ஜால்னா அருகே உருவாக்கிய பெத்தேல் கிராமத்துக்கும் இக்கேள்வி பொருந்தும்.

மற்றொரு பிழை, மிஷனின் பங்கை மதமாற்ற உத்தி என்று மட்டும் ஒதுக்கிவிடுவது. படியாள் ஒருவர் எழுதிய தர்க்காஸ்து தாலுகா அலுவலகத்தைத் தாண்டுவதே அரிது. கிராமக் கணக்கர் முதல் தாசில்தார் வரை அதைத் தடுக்கும் கைகள் பல. எழுதவும் தொடரவும் மேல்மன்றத்துக்குச் செல்லவும் பழகிய ஓர் அமைப்பு அம்மனுவின் பின்னால் நின்றபோது அதை எளிதில் புதைக்க முடியவில்லை. என் கருத்தில் அத்திருச்சபையின் மெய்யான கொடை இதுவே. கோரிக்கை மக்களுடையது, அதை அரசு படித்தே தீரவேண்டிய தாளாக்கியதில் திருச்சபைக்குப் பங்குண்டு.

பின்னர்த் திருச்சபையின் வடிவம் மாறியது. 1908-இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து தென்னிந்திய ஐக்கிய திருச்சபை ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று அது தென்னிந்தியத் திருச்சபைக்குள் அடங்கியது. நிலத்தின் கதையோ முடியவில்லை. இயக்கங்கள் 12 இலட்சம் ஏக்கர் எனக் குறிப்பிடும் பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைகளுக்குச் சென்றது. நிபந்தனை தாளில் இருந்தது. அதைக் காப்பவர் இல்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். 1892-இன் ஆணை பிறக்கக் காரணமான அதே மாவட்டம்.

இப்போது தாராவி முதியவரின் தாளுக்குத் திரும்புகிறேன். மறுசீரமைப்புப் பேச்சு எழுந்த நாள்முதல் இங்கே எல்லோருடைய கையிலும் ஒரு கோப்பு இருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று உண்டா என்பதே வீடுதோறும் கேட்கும் கேள்வி. தோல் பதனிடும் தொழிலுக்கும் பிறவற்றுக்கும் வந்து, சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியேறியோரின் வழித்தோன்றல்களிடம் நாம் இன்று தாள் கேட்கிறோம். மனையில்லா உழைப்பாளியிடம் 1891-இல் கேட்கப்பட்டதும் ஏறத்தாழ இதுவே.

முதியவருக்கு அத்தாளை வாசித்துப் பொருள் சொன்னேன். தீர்ப்பு அவர் பக்கம்தான். நிறைவேற்றக் கோரி அவர் சார்பிலேயே தர்காஸ்த் போடப்பட்டிருந்தது. அவர் அதை இரண்டாக மடித்து நெகிழிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த தவணை என்று என்று கேட்டார்.

தமிழ், வரலாறு, சட்டம் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ பழைய டி.சி. பட்டா, தர்க்காஸ்து நகல், அடங்கல் ஏதேனும் இருந்தால் படியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அத்தாள்கள் ஆய்வாளருக்குத் தரவு. அவற்றை வைத்திருப்போருக்கு அவை நிலம்.